பத்து நிமிடம் சும்மா இருந்தால்

பகாவில் செம்பனைக் குலை வாங்கும் நிலையம்.
எடைமேடையை ஒட்டிய தகர அறை என்னுடையது.
கணினியும் என்னுடையதுதான்,
அதற்கு மாதம் ஐம்பது வெள்ளி தருகிறார் தவுக்கே.

குலை லோரி மேடையில் ஏறும்போதெல்லாம்
தரை நடுங்கும், மேசை நடுங்கும்,
உள்ளே சுற்றுகிற தட்டு
ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
எட்டு வருடம் அப்படியே ஓடியது.
காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு
மைலோ கலக்கி, ஆற்றி, பாதி குடித்து வந்தால்
அப்போதுதான் முகம் காட்டும்.

"அக்கா, அதுக்குள்ள நான் பசியாறிட்டே வந்திருப்பேன்"
எடைச்சீட்டுக்குக் கையை நீட்டியபடி
லோரிக்காரத் திருச்செல்வம்.

போனஸ் வந்த மாதம்
நூற்றெழுபது வெள்ளிக்கு எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன்.
கையில் வைத்தால் கனமே இல்லை.
ஏமாந்துவிட்டோமோ என்று
காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.
உள்ளே எதுவும் அசையவில்லை.
அசையாததுதான் அதன் சிறப்பாம்.

பழையதை எறிய மனமில்லை, இடமோ ஒன்றுதான்.
"சீடி டிரைவை யார் இப்ப பாக்குறா,
அதைக் கழட்டுங்க,
அந்தப் பொந்துல பழசைப் படுக்கப் போடுங்க"
என்றான் கடைப்பையன் வேய் ஹான்,
எங்கள் பள்ளியில் படித்தவன் போலத் தமிழ் பேசுகிறவன்.
அதற்கென்றே ஒரு சட்டம், பதினெட்டு வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன்.
திருகாணிகள் மங்கில், எண்ணினால் பதினொன்று.
டிரைவ் வாயைத் திறக்க மறுத்தது.
ஊசித்துளையில் ஊக்கை விட்டு அழுத்த
மெதுவாக நாக்கை நீட்டியது,
நாக்கின் மேல் ஒரு வட்டு:
எங்கள் கல்யாணம், இரண்டாம் பாகம்.

பந்தி வருகிற பாகம் அது.
தாலி கட்டுவது முதல் பாகத்தில்.
அதைச் சுகுமாறன் சிரம்பானுக்குக் கொண்டுபோயிருக்கலாம்,
இல்லை, எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.
உறையைக் காணோம்.
அரிசி டப்பா மூடிமேல் வைத்துவிட்டு
அடுத்த திருகாணிக்குப் போனேன்.

இப்போது பதினொரு வினாடி.
மைலோ டின்னைத் திறப்பதற்குள்
திரை தயாராகி என்னைப் பார்க்கிறது.
முதல் வாரம் அது ஒரு குறையாகவே பட்டது.

புதியதில் அன்றாடம்:
எடைச்சீட்டு, இந்த மாதக் கணக்கு, குலையின் இன்றைய விலை.
பழையதில் மற்ற எல்லாம்:
ஏழு வருட விலைகள்,
தாரணிக்குப் பல் விழுந்த படங்கள்,
வழக்கறிஞர் அனுப்பிய கடிதங்கள்,
பெயர் வைக்காத ஒரு கோப்புறை.

பத்து நிமிடம் சும்மா இருந்தால்
பழையது தூங்கிவிடுகிறது.
கூப்பிட்டால் முதலில் ஒன்றுமில்லை.
பிறகு டக்கென்று ஒரு சத்தம்.
பிறகு மேட்டில் முதல் கியர் போட்ட லோரியாய்
மெல்ல மெல்ல ஏறும் இரைச்சல்.
மொத்தம் நாலு வினாடி.
நாலு வினாடியில் மனம் மாறிவிடலாம்,
பார்க்காமலே மூடிவிடலாம்.
மூடியிருக்கிறேன்.

"பழசு சாகுறதுக்கு முன்ன முனகும்க்கா,
நாள் குடுக்கும்.
புதுசு அப்படி இல்ல,
நேத்து இருக்கும், இன்னிக்கு இருக்காது."
திருகாணியைப் போல இதையும்
போகிறபோக்கில் கையில் வைத்தான் வேய் ஹான்.

அன்றிரவு கடைசி லோரி இறங்கிய பின்
பல் விழுந்த படங்களை மட்டும்
இரண்டிலும் இருக்கும்படி நகலெடுத்தேன்.
கடிதங்களைத் தொடவில்லை.
கோப்புறையின் மேல் அம்பு கொஞ்ச நேரம் நின்றது,
தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது,
இந்த முறை அது தூங்கவில்லை, நான்தான் போனேன்.

வட்டைப் படிக்க இனி வீட்டில் எதுவுமில்லை.
தாரணி அதில் நூல் கோத்து
மிளகாய்ச் செடிக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறாள்
மைனா வராமல் இருக்க.
வெயில் ஏறினால்
பந்தி பரிமாறியவர்கள், சாப்பிட்டவர்கள், வாழை இலை எல்லாமும்
ஏழு நிறமாகப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஓடுகிறார்கள்.

மைனா வருகிறது.