முந்நூற்று அறுபத்தாறு

லிபெரெட்ஸில் முழங்கால் வரை பனி.
டிராம் பணிமனையின் மாடியில்
ஸ்டிஸ்லாவா மூன்றாம் முறையாகக் கணக்குப் போடுகிறாள்.
ஒன்று புள்ளி ஏழு இரண்டை
மின்தடையால் வகு, மின்தேக்கியால் வகு.
தடை ஒரு கிலோ ஓம்,
தேக்கி நான்கு புள்ளி ஏழு நானோ.
முந்நூற்று அறுபத்தாறு கிலோஹெர்ட்ஸ்.

அதே தரவுத்தாளின் ஏழாம் பக்கத்து வளைகோடு
இருநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் கீழே என்கிறது.
மேசைமேல் அலைகாட்டி
இருநூற்று முப்பத்தெட்டு என்று
பச்சையாகவே சொல்லிவிட்டது.

ஒரே சில்லு, ஒரே தாள்.
இரண்டாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும்
பேச்சுவார்த்தை இல்லை.

"அளவுமுனையே பத்து பிகோ சேர்க்குமே"
ரொட்டியை மென்றபடி வோயென்.
அவளுக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தில்
பத்து பிகோ ஒரு சிட்டிகை மண்.
படிவத்தில் இருப்பது ஒரே கட்டம்.
அதற்குள் ஓர் எண்தான் நுழையும்.

ஆகவே மாற்றினாள்:
நான்கு புள்ளி ஏழைத் தடைக்கு,
ஒன்றைத் தேக்கிக்கு.
பெருக்கினால் அதேதான். சூத்திரம் அசையவில்லை.
வளைகோடு மேலேறி வந்து அதன் அருகில் உட்கார்ந்தது.
அலைகாட்டியும் முந்நூற்று ஐம்பத்தாறு.
மூன்றும் ஒரு வாயாகப் பேசின.
காபி போட்டுக்கொண்டாள்.

முழுச் சுமையில் நாற்பதாவது நிமிடம்
டிரான்ஸ்ஃபார்மர் சீறியது.
பட்.
டிரான்சிஸ்டரின் வயிறு பிளந்திருந்தது.
பனி இறுகித் திறக்க வராத ஜன்னல்,
அறை முழுக்கத் தீய்ந்த பிசின் நாற்றம்.

சூத்திரம் நிரம்புவதை மட்டும் எண்ணியிருக்கிறது.
வடிவதை எண்ணவேயில்லை.
சின்னத் தேக்கி கண்மூடித் திறப்பதற்குள் வடிந்துவிடும்,
யாரும் கணக்குக் கேட்பதில்லை.
தேக்கி பெரிது, தடை சிறிது என்றால்
குழாயை மூடாமல் தொட்டியைக் காலி செய்கிற வேலை.
ஒன்றரை மைக்ரோநொடி.
அவ்வளவு நேரமும் ஸ்விட்ச் சும்மா கிடக்கிறது.
அந்தச் சும்மாவில்தான்
ஃபெரைட் தன்மேல் ஏறிய காந்தத்தை
மறந்து முடிக்கிறது.

அவள் அதற்கு
மறக்க நேரம் தரவில்லை.

கருகிய பலகையைத் திருப்பினாள்.
மூலையில் செம்பில் இரண்டு எழுத்து,
தொண்ணூற்று நான்கு என்று ஒரு வருடம்.
யாரோ ஒருவர், கணக்குத் தெரிந்தே,
கணக்குக்கு ஒத்துவராத ஜோடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.
ஏன் என்று ஒரு வரி எழுதவில்லை.
"எழுதித் தொலைத்திருக்கலாமே, கழுதை"
என்றாள், அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து.

அடுத்த பலகையில் ஒரு கிலோவைத் தொடவில்லை.
கட்டத்தில் இருநூற்று முப்பத்தெட்டு.
கட்டத்துக்கு வெளியே நான்கு வரி, பேனாவால்.

"ஸ்கேனர் வெளியே எழுதியதைப் படிக்காது" என்றான் வோயென்.

யோசித்தாள். ஊசியை எடுத்தாள்.
செம்பெழுத்துகளுக்குக் கீழே, பச்சைப் பூச்சின் மேல்,
இடம் ஒரு சொல்லுக்குத்தான் இருந்தது.
கீறினாள்:
வேண்டுமென்றேதான்.