முக்கால் பேர்

ஐந்து பெருக்கல் நான்கில் மூன்று.
நிஷாலினி தன் நோட்டில்
இருபதில் பதினைந்து என்று எழுதி
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி வாங்கி வந்திருக்கிறாள்.
பெருக்கு என்பதற்கும் தப்பு என்பதற்கும்
ஒரே குறிதான் போலிருக்கிறது.

அவள் தூங்கிவிட்டாள்.
சம்பளச் சீட்டை எங்கே வைத்தேன் என்று தேடும்போது
நோட்டு கையில் பட்டது.
டீச்சர் கீழே ஒரு கோடு போட்டு
சுழியத்தில் ஒரு தவளையை உட்கார வைத்திருந்தார்.
தாவலுக்கு முக்கால்.
ஐந்து தாவல்.
என் மகள் கணக்குப்படி அந்தத் தவளை
ஐந்து முறை தாவியும்
முதல் தாவலில் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
இருபதில் பதினைந்தும் முக்கால்தானே.

எனக்குச் சிரிப்பு வந்தது.
சீட்டைப் பிரித்ததும் போய்விட்டது.

போன மாசம் ஒரு வாரம் பகாவ் பக்கம் தினமும் மழை.
ஆறு மணிக்குப் பிரட்டு,
பன்னிரண்டுக்கு இடி,
உதிரிப்பழச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட்டம்.
இரண்டு வரை நின்றால் முழுப் பேர்,
பன்னிரண்டோடு போனால் முக்கால் பேர்.
அப்படி ஐந்து நாள்.
சீட்டில் அந்த வாரத்துக்கு நேரே 3.
மூணு அறுபத்து நாலு
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வெள்ளி.
மேலே என் பெயர், மாரியா.
கடைசி எழுத்துக்குக் கட்டம் போதவில்லையாம்.
நாலெழுத்தில் மூன்று.
அதுவும் முக்கால் பேர்தான்.

விடியலில், பிரட்டுக்கு முன்னால்,
பதினோராம் நிரைக்குள் இறங்கினேன்.
செம்பனைகள் சங்கிலி பிடித்து நட்டவை,
மரத்துக்கு மரம் ஒரே தூரம்.
ரோட்டோரம் சுழியம்.
நாலு மரம் ஒரு நாள்.
மூன்று மரம் நடந்து ஒரு பழம் போட்டேன், திங்கள்.
இன்னும் மூன்று, செவ்வாய். ஒன்றரை.
ஒன்பதாவது மரத்தடியில் புதன். இரண்டேகால்.
ஒரு உடும்பு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
சும்மா நகர்ந்தது.
பன்னிரண்டாவது மரத்தில் வியாழன்.
மூன்று, முழுசாக.
இங்கேதான் கிராணி நின்றுவிட்டிருக்கிறார்.

நான் நிற்கவில்லை.
பதினைந்தாவது மரத்தடியில் ஒரு பழத்தை அழுத்தி வைத்தேன்.
மூன்றே முக்கால்.
நாலைத் தொட ஒரு மரம் குறைவு.
அந்த மரம் மழையோடது, எனக்கு வேண்டாம்.
இந்த மூன்று மரம் என்னோடது.
நாற்பத்தெட்டு வெள்ளி.
ஒரு கேஸ் தோம்பு,
மிச்சத்துக்குப் பள்ளி வேன் காசில் கொஞ்சம்.

ஆபீஸில் கிராணி ரகுபரன்
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"முழு எண்தான் எடுக்குமுங்க.
கம்ப்யூட்டருக்குக் கால் கிடையாது."

எனக்கு இருக்கு, என்றேன்.
உங்களுக்கும் ரெண்டு இருக்கு.
வாங்க, பதினோராம் நிரையில நடந்து பார்ப்போம்.
வியாழன்வரைக்கும் நீங்களே வந்துட்டீங்க.
வெள்ளி எங்கே கிடக்குதுன்னு நான் காட்டுறேன்.

அவர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.
பிறகு ஜன்னல் வழியே வானத்தை.
மணி பத்து.
இடி வர இன்னும் இரண்டு மணி நேரம்,
அதாவது
ஒரு கால்.