ஒன்பது பவுண்டு முன்சப்பை

எத்தனை பேருக்கு என்றான் கசாப்புக்காரன்.
நான் வாய் திறப்பதற்குள்
ஒன்பது பவுண்டு தராசில் ஏறிவிட்டது.
ஒற்றை ஆளுக்கென்று
எந்தப் பன்றியும் தோள் வளர்ப்பதில்லை.

விவாகரத்துத் தாள் வந்து பதினோரு நாள்.
முழுப்பூண்டு ஒன்றை உரலில் இடித்தேன்,
ஓரிகானோ, மிளகு, கல்லுப்பு,
கை எரிய நாரத்தைச் சாறு.
கத்தி முனையால் கறியில் குழி பறித்து
விரலால் திணிக்க வேண்டும்.
ஒஸ்வால்டோ பன்னிரண்டு குழி போடுவான்,
எண்ணி.
நான் எண்ணவில்லை. குத்தினேன்.

இரண்டு இரவு ஊறியது.
ஞாயிறு காலை பத்து மணிக்கு ஓவனில் வைத்தேன்,
தோல் மேலே பார்க்க, அலுமினியத் தாள் போர்த்தி.
பன்னிரண்டேகாலுக்கு மின்விசிறி தளர்ந்தது.
ஃபிரிட்ஜ் ஒருமுறை இருமி ஓய்ந்தது.
யாவுக்கோ ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை.

கதவைத் திறந்தால் சூடு போய்விடும்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவள் மாதிரி
ஓவனுக்கு முன்னால் நின்றேன்.
இரண்டு மணிக்குத் தோற்றேன்.
மேலே வெந்திருந்தது,
எலும்போரம் இன்னும் ரோஸ் நிறம்.

மேல்வீட்டு ஈராய்தா படியில் குனிந்து கேட்டாள்:
"ஏண்டி, வாசனை பாதியிலேயே நின்றுபோச்சு?"

அவளிடம் கேஸ் இருந்தது.
எதிர்வீட்டு எஃப்ராயினிடம் கரி.
யோகாஸ்தாவிடம் ஒற்றைப் பர்னரும்
எல்லாவற்றையும் பற்றி ஒரு கருத்தும்.

எலும்பு ஈராய்தாவுக்குப் போனது,
பச்சைத் துவரையோடும் பூசணியோடும்
மூடிமேல் கல் வைத்த பானையில்.
எஃப்ராயின் கனத்த துண்டைக் கம்பிவலையில் போட்டு
பீர் தெளித்தான்,
கறிக்குக் கொஞ்சம், தொண்டைக்கு மிச்சம்.
யோகாஸ்தா டொமினிகன்காரி.
விரல் மொத்தத்துக்கு நறுக்கி
எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் தெளித்து,
அது வற்றும்வரை வாயே திறக்கவில்லை.
கறி தன் கொழுப்பிலேயே பொரிய ஆரம்பித்ததும்
அவளும் ஆரம்பித்தாள்:
"நீங்கள் எதையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடுகிறீர்கள்,
கண் முன்னால் வேக விடுவதே இல்லை."

தோலை மட்டும் நான் தரவில்லை.
பத்தொன்பது வருஷம் அது ஒஸ்வால்டோவின் தட்டுக்குப் போனது.
அவன் கேட்டதில்லை.
நானும் கேட்டதில்லை.
யோகாஸ்தாவின் சட்டி காலியானதும்
அந்தக் கொழுப்பிலேயே போட்டேன்.
வெடித்து முழங்கையைச் சுட்டது.
உப்புத் தூவி, நின்றபடியே,
பல்லில் நொறுங்கும் சத்தம்
தெருவுக்குக் கேட்கத் தின்றேன்.

பிறகு எல்லோரும் வாசல் படிகளில்.
ஒரே சப்பை, மூன்று ருசி,
எது நல்லது என்று
மெழுகுவத்தி பாதி கரையும்வரை சண்டை.
எஃப்ராயினுடையது ஓரத்தில் கருகியிருந்தது.
அந்த ஓரத்துக்குத்தான் அடிதடி.

ஒன்பதே முக்காலுக்குத் தெருவே கூவியது.
விளக்கு வந்துவிட்டது.
சட்டிகளோடு உள்ளே போனால்
ஓவன் தானாகச் சிவந்து டிக் டிக் என்கிறது,
குமிழை நான் திருப்பவே இல்லை.
காலித் தட்டில் ஒட்டியிருந்த பூண்டு
மறுபடி மணக்கத் தொடங்கியது.

அணைக்கக் கை நீட்டினேன்.
மாடியிலிருந்து ஈராய்தா கத்தினாள்:
"உள்ளே இன்னும் என்னடி வைத்திருக்கிறாய்?"