இருபத்தொன்று

நாற்பது நாற்காலிகளில் எங்களுக்கு இருபத்தொன்று.
பாதிக்கு மேல் ஒரே ஒரு தலை.
அந்தத் தலை இந்நேரம்
மேகத்துக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது.

ஜூனோவுக்குச் சாலை கிடையாது.
வானம் வழிவிட வேண்டும், இல்லையேல் கப்பல்.
மூடுபனிக்குக் கட்சி இல்லை என்பார்கள்.
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்,
முக்கியமான வாக்கெடுப்பன்றெல்லாம்
அது எதிர்வரிசையில்தான் உட்காருகிறது.

பெரும்பான்மைத் தலைவர் என்று கதவில் பித்தளைப் பலகை.
உள்ளே இருப்பவள்
நெல்லிக்காய் மூட்டைக்குக் காவல்.
க்ரவுஸுக்கு எண்ணெய்ப் பணம் முழுவதும்
ஆளுக்கு ஆள் பங்காகக் கையில் வர வேண்டும்.
லிண்ட்குவிஸ்டுக்கு அது பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும்.
இருவரும் பேசி இரண்டு ஆண்டாகிறது;
ஹாலிபட் மீன் விவகாரம், அதை விடுங்கள்.
ஒருவருக்குக் கால்வாய் தெரியும் ஜன்னல் கொடுத்தேன்.
டெல்மர் குளிர்பதனப் பெட்டி கேட்டார்,
என்னுடையதையே தூக்கிக் கொடுத்தேன்.
மிரட்ட எனக்குத் தெரியாமல் இல்லை.
யாரை மிரட்ட?
ஒற்றைத் தலை மிகுதியில்
இருபத்தொருவரும் தனித்தனியே
இருபத்தொன்றாம் ஆள்.

மதியம் க்ரவுஸ் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.
கதவுவரை போனார்.
நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வரியை அடிக்கச் சொன்னேன்.
திரும்பி வந்து உட்கார்ந்தார்.
என்ன வரி என்று யாரும் கேட்கவில்லை.
குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் ஒழுகும் கூரை ஒன்று,
அறுபத்திரண்டு பிள்ளைகள் படிக்கும் இடம்.
அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பனியில் ஒரு கிழிசல்.
விமானம் அதற்குள் நுழைந்துவிட்டது.
நானே ஓடினேன்.
நஸ்தாசியா கசயூலி:
மூன்று விமானம் மாறிய, தூங்காத கண்;
கைப்பையில் எனக்கென்று உலர்ந்த சால்மன்.
அவள் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.
சட்டமன்றப் படி ஏறும்போது கேட்டாள்,
"கூரை இருக்கிறதல்லவா?"
"முதலில் உள்ளே வா, நேரமாகிறது" என்றேன்.

அவள் மசோதாவைப் படிப்பவள்.
எல்லோரும் பொத்தானில் விரலை வைத்திருக்க
அவள் நாற்பத்தாறாம் பக்கத்தைத் திருப்பினாள்.
இன்னொரு முறை திருப்பினாள்.

பலகையில் பச்சை இருபது.
ஒவ்வொரு விளக்காக எண்ணினேன்,
எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல்.

என் உள்ளங்கையில்
அவள் பெட்டியின் கைப்பிடி பதிந்த தடம்
இன்னும் சிவப்பாக.