கே எண்பது

விசைப்பலகையில் கே-யிலிருந்து
ஒரு விரல் மேலே, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால்
ஓ.

கே எண்பது பித்தப்பைக் கல்.
ஓ எண்பது சுகப்பிரசவம்.

மார்ச் பதினொன்று, மாலை நான்கு மணி.
அன்றைக்கு முப்பத்தெட்டாவது கோப்பு.
ஹம்பர் ஆற்றுமுகத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி
வெளியே கார்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.
டாக்டரின் கிறுக்கலைக்கூடச் சரியாகத்தான் படித்தேன்:
கற்கள், பதினான்கு.
விரல்தான் வழுக்கியது.

ஆண் என்று மென்பொருள் கத்தியிருக்க வேண்டும்.
அந்த வாரம் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தார்கள்,
எதற்கென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அப்படித்தான் கிளிஃப் ஸ்டாமர்ஸ்,
வயது எழுபத்து மூன்று,
கிரிம்ஸ்பி மீன்துறையில் ஐம்பது வருடம் ஹேடாக் அறுத்தவர்,
என் கையால் பிள்ளை பெற்றார்.

தணிக்கையில் எங்கள் துல்லியம் தொண்ணூற்றேழு விழுக்காடு.
மேலாளர் கேக் வாங்கிவந்தார்.
மீதி மூன்றில் ஒருவர்
மறுவாரம் மனைவியோடு வரவேற்பறையில் நின்றார்,
கையில் தாய்சேய் நலப் பிரிவின் கடிதம்:
பாலூட்டுவதில் சிரமம் இருந்தால்
தயங்காமல் அழைக்கவும்.

சிரித்துச் சிரித்து
தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.
'ஒரே பிரசவத்துல பதினாலு' என்றார்.
'எல்லாம் அப்பன் ஜாடை.'

மன்னிப்புப் படிவத்தை நீட்டினேன்.
எனிட் அதை வாங்கவில்லை.
கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.
'என் கோப்புல சரியாத்தான் எழுதினீங்க.
எழுபத்தொன்பதுல. மூணே மூணு எண்.
ஒரு தப்பும் இல்ல.'

கிளிஃப் சிரிப்பதை நிறுத்தினார்.
மனைவியின் கோட்டில் போட்டே இருந்த பொத்தானைக்
கழற்றித் திரும்பப் போட்டுவிட்டார்.

ஒன்பதாம் பதிப்பு, அறுநூற்று இருபத்தெட்டு.
அந்தப் புத்தகம் எங்கள் அறையில்தான் இருக்கிறது,
கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்து.

நான்கு பத்துக்குத் திருத்தினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்: தட்டச்சுப் பிழை.
திருத்தியவர், தேதி, நேரம்.
பழைய பதிவை மென்பொருள் அழிப்பதில்லை,
குறுக்கே ஒரு கோடு இழுக்கும், அவ்வளவுதான்.
கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் இன்னும் படிக்கலாம்:

ஸ்டாமர்ஸ், கிளிஃப்.
ஆண்.
சுகப்பிரசவம்.