அங்க அடையாளம்

திருவல்லிக்கேணி, பைகிராஃப்ட்ஸ் ரோட்டுக்குப் பின்சந்தில்
எங்கள் ஸ்டுடியோ.
பரு, அம்மை வடு, கண்ணடிக் கருவளையம்
எல்லாம் நான்தான் அழிப்பேன்.
முகத்துக்கு இருபது ரூபாய் கூடுதல்.

கார்த்திகை மழையில் காலண்டர் ஆர்டர் வந்தது.
புறப்பாட்டில் எடுத்த உற்சவர் படம்.
நானூறு சதவீதம் பெரிதாக்கினேன்.
கன்னத்தில், நெற்றியோரத்தில்
புள்ளி புள்ளியாய்ப் பள்ளம்.
தூசி என்று மவுஸைக் கொண்டுபோனேன்.

"ஏய், அது பீஷ்மர் விட்ட அம்பு,"
டீ கிளாஸை வைத்துவிட்டுச் சம்பத் சார் சொன்னார்.
"அதை எடுத்துட்டா அவர் வேற பெருமாள்."

உள்ளே மூலவருக்கு மீசை உண்டு, சங்கு உண்டு,
சக்கரம் இல்லை.
ஆயுதம் எடுக்கேன் என்ற வாக்கு
கல்லிலும் செல்லுபடி.
வீதிக்கு வருகிறவர் முகத்தில்தான்
அத்தனை அம்பும்.

சாயங்காலம்
பேட்ஜுக்குப் படமெடுக்க வந்தார் தணிகாசலம்.
ஆட்டோக்காரர்.
புருவத்திலிருந்து தாடைவரை
கண்ணாடி கிழித்த கோடு.
"எடுத்துடவாண்ணே?"
"எதுக்கும்மா? ஆர்டிஓ ஃபார்ம்ல
அங்க அடையாளம்னு அதத்தான் எழுதியிருக்கேன்."

காக்கிச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு
கேட்காமலே சொன்னார்:
"ஜி.பி. ரோட்டுல பஸ்காரன் உட்டது.
பின்னாடி குந்திருந்த சவாரிக்கு
ஒரு கீறல் இல்ல."

ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்,
கை தானாக ஹேண்டில்பாரைத் தேடியது.
நான் விளக்கை
இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன்,
கோடு
ஆழமாய் விழட்டும் என்று.