பன்னிரண்டாவது வரி

ரசீதில் பதினோரு வரிகள்.
எட்டாவது, மருத்துவ மையம்: முந்நூற்றைம்பது.
அதன் கதவில் தொங்கும் பூட்டுக்கு
இந்த ஐப்பசியோடு இரண்டு வயது.

மன்னார்குடி மழை தகரக் கூரையை அறைய
கூட்டம் நடந்தது. மைக் இருமியது.
ஒரு சங்கம் மாநில அரசைத் திட்டியது,
மற்றது மத்திய அரசை.
இரண்டுக்கும் தலையாட்டிய நிதி அலுவலர்
போண்டாவைப் பிட்டபடி சொன்னார்:
"ஒதுக்கீடு மட்டும் வரட்டும் தம்பி,
கடைமடை வரைக்கும் பாயும்."

கைதட்டினார்கள்.

நான் தலைஞாயிற்றுக்காரி.
எங்கள் வாய்க்காலில் கடைசியாகப் பாய்ந்தது
கடல்.

எழுந்தேன். பேச அல்ல,
கால் மரத்துப்போயிருந்தது.
எழுந்துவிட்டதால் கேட்டேன்:
"ஆய்வகத்தில் சுபாஷிணி மயங்கி விழுந்தாளே,
யார் வண்டியில் தூக்கிப்போனோம்?
பெட்ரோலுக்கு யார் கொடுத்தது?"

வாசலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த
கேன்டீன் ஜபருல்லா
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்,
சத்தத்தில் தன் பெயர் கேட்காதபடி.

"நல்ல கேள்வி" என்றார் அலுவலர்.
குறித்துக்கொண்டார்.
பேனா எழுதவில்லை, உதறினார்,
மறுபடி குறித்துக்கொண்டார்.

தீர்மானம்: குழு அமைக்கப்படும்.
அதுவரை எட்டாவது வரி, நானூறு.

அடுத்த பருவத்து ரசீதில்
பன்னிரண்டாவதாக ஒன்று முளைத்திருந்தது:
மாணவர் கலந்தாய்வுச் செலவு, பத்து ரூபாய்.

அன்றைக்குத் தட்டில் மிஞ்சிய போண்டாவை
சுபாஷிணியும் நானும் பங்கிட்டோம்.
ஆறி, கல்லாகியிருந்தது.
நல்லவேளை தின்றுவிட்டோம்.
எங்கள் காசு.